சிவப்புப் பொட்டுக்கு எவ்வளவு கரண்ட்?

"ரிமோட்டில் அணைத்தாயிற்று. இனி அந்தச் சிவப்புப் பொட்டு எரிவதில் என்ன பெரிய கரண்ட் ஆகிவிடப் போகிறது?" ஈ.பி. பில் பற்றிப் பேச்சு எழுந்தால் எந்த வீட்டிலும் இப்படிக் கேட்க ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கணக்குத் தெரிந்தவராகவே இருப்பார். அதனால் மற்றவர்கள் அடங்கிப்போவார்கள். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. முதலில் அதைக் கொடுத்துவிடுவோம்.

அந்தப் பொட்டு ஒரு சிறு எல்.இ.டி. அது எடுப்பது ஒரு வாட்டில் நூற்றில் சில பங்குதான். ரிமோட்டின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் சுற்றையும் அதற்கு மின்சாரம் தரும் பகுதியையும் சேர்த்தாலும், அண்மையில் வந்த டிவிகளில் ஒரு வாட்டைத் தாண்டுவது அரிது. ஆனால் இது தானாக அமைந்ததல்ல. ஒரு காலத்தில் சும்மா இருக்கும் டிவியே 10 வாட் வரை இழுத்தது. எந்தக் கருவியும் ஓய்வில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற யோசனையை 1998இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மெயர் முன்வைத்தார். மறு ஆண்டு சர்வதேச எரிசக்தி முகமை அதை எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஒரு வாட் என்றும், 2013இல் அரை வாட் என்றும் சட்டமாகவே வரம்பு கட்டியது. நம் டிவி இன்று குறைவாகத் தின்கிறதென்றால் அதற்குக் காரணம் இந்தக் கெடுபிடி. இடைவிடாமல் ஓடும் ஒரு வாட் ஆண்டுக்கு 8.76 யூனிட். ஆக, டிவி மட்டும் என்றால் அவர் சொல்வது சரி.

ஆனால் டிவிக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறதே, செட்டாப் பாக்ஸ், அதை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ரிமோட்டில் அணைத்ததும் படம் நிற்கிறது, முகப்பில் விளக்கு நிறம் மாறுகிறது. உள்ளே வேலை நின்றபாடில்லை. சந்தா விவரம், நிகழ்ச்சிப் பட்டியல், மென்பொருள் மாற்றம் என ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அதைப் பெற பிராசசரும் ட்யூனரும் விழித்திருக்கின்றன. டிஷ் வைத்த வீடுகளில், மொட்டை மாடிக் குடையின் முனையில் உள்ள எல்.என்.பி.க்கும் மின்சாரம் போவது இந்தப் பெட்டியிலிருந்துதான். அதனால் பல பாக்ஸ்கள் ஓடும்போது எடுப்பதற்கும் உறங்கும்போது எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இரவில் அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள், சூடு சொல்லிவிடும்.

கணக்குக் கேட்பவருக்குக் கணக்கே தரலாம். ஓய்வில் 10 வாட் எடுக்கும் பாக்ஸ் என்று வையுங்கள். நாளைக்கு ஐந்து மணி நேரம் டிவி பார்க்கிறோம், மீதி 19 மணி நேரம் சும்மா. இரண்டு மாத ரீடிங்கில் அந்தச் சும்மா இருந்த நேரத்துக்கு மட்டும் 11.4 யூனிட். 32 அங்குல எல்.இ.டி. டிவி ஒன்று 50 வாட் எடுத்தால், அதே இரண்டு மாதத்தில் நாம் பார்த்த அத்தனை சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் ஆனது 15 யூனிட். பார்த்ததற்கு 15, பார்க்காததற்கு 11! தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகள் இரண்டு கோடிக்கும் மேல். அவற்றில் இரண்டு கோடி வீடுகளில் இப்படி ஒரு பாக்ஸ் உறங்கினால் 200 மெகாவாட். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் பழைய அலகு ஒன்று 210 மெகாவாட். சூரிய மின்சாரம் இல்லாத நள்ளிரவிலும் இந்தச் சுமை அப்படியே நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உடனே வரும் பதில்: "இவ்வளவு சின்ன லோடையெல்லாம் மீட்டர் கண்டுபிடிக்காது." சக்கரம் சுழலும் பழைய மீட்டர் காலத்தில் இதில் பாதி உண்மை இருந்தது. மிகச் சிறிய சுமைக்கு அந்தச் சக்கரம் அசையாமல் நிற்கும். அப்போதும், ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் சக்கரம் சுழன்றுகொண்டுதானே இருக்கும். சிறு சுமை அதன் வேகத்தோடு சேர்ந்துவிடும். இன்றைய டிஜிட்டல் மீட்டர் இன்னும் கண்ணும் கருத்துமானது. அதை வீட்டிலேயே சோதிக்கலாம். முகப்பில் ஒரு சிறு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்பது போல ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரிமோட்டில் "அணைத்த" சாமான்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மீட்டர் முன் நில்லுங்கள். 45 விநாடிக்கு ஒருமுறை மினுக்கினால், யாரும் எதையும் பயன்படுத்தாத வீடு 25 வாட் எடுக்கிறது என்று பொருள். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்.

"முதல் 100 யூனிட்தான் இலவசமாயிற்றே" என்பது அடுத்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு இதனால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அதை மறைக்க வேண்டியதில்லை. தாண்டுகிற வீட்டில், குறைகிற ஒவ்வொரு யூனிட்டும் கட்டணப் படிக்கட்டின் உச்சிப் படியிலிருந்து குறைகிறது, இலவசத்திலிருந்து அல்ல. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையையே எடுத்துக்கொள்வோம். விகிதங்கள் பின்னர் மாறினாலும் எடுத்துக்காட்டுக்கு அது போதும். அதில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும், அந்த நூறுக்கும் 4.50 கட்ட வேண்டும். 510 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2,030 ரூபாய். அதே வீடு 499இல் நின்றிருந்தால் 1,719. பதினோரு யூனிட்டுக்கு 311 ரூபாய் வித்தியாசம்! செட்டாப் பாக்ஸ் உறங்கித் தின்றதும் கிட்டத்தட்ட அந்தப் பதினொன்றுதான்.

இந்த இடத்தில் எதிர்த் தரப்புக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவைத்தால் பில் பாதியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அவர்களுக்கு. போன் மாட்டாமல் தொங்கும் நல்ல சார்ஜர் எடுப்பது பத்தில் ஒரு வாட் அளவு. வருடம் முழுக்கத் தொங்கினாலும் ஒரு யூனிட் தேறாது. சார்ஜர் பின்னால் அலையும் அதே வீட்டில் ஏ.சி. ஸ்டெபிலைசர், ஐப்பசி மழை தொடங்கி மாசி வரை ஏ.சி.யைத் தொடாத மாதங்களிலும், இரவு பகலாக முனகிக்கொண்டிருக்கும். மைக்ரோவேவ் அவன் இன்னும் வேடிக்கை. அதன் கடிகாரமும் பொத்தான் பலகையும் மூன்று வாட் எடுத்தால் நாளைக்கு 72 வாட்-மணி. 1200 வாட்டில் மூன்று நிமிடம் குழம்பைச் சுடவைக்க 60 போதும்.

"அடிக்கடி சுவிட்சைப் போட்டு அணைத்தால் சாமான் கெட்டுவிடும், போடும்போது ஒரேயடியாக இழுக்கும்" என்பார்கள். போடும் கணத்தில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நிறைய வேண்டும், உண்மை. டிவி போன்ற கருவியில் அதற்கு ஆகும் ஆற்றல், ஒரு வாட் சில விநாடிகளில் தின்னும் அளவுதான். விலக்குகள் சில உண்டு. ஓ.எல்.இ.டி. டிவி அணைத்த பிறகு சற்று நேரம் தன் திரையைச் சரிசெய்துகொள்ளும். இங்க் பிரின்டரை அதன் பொத்தானில் அணைக்காமல் சுவிட்சில் அணைத்தால் மையை வீணாக்கும். சி.சி.டி.வி.யோ வேறு அவசரத் தேவையோ வைஃபை ரவுட்டரை நம்பி இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

கடைசியாக மிஞ்சுவது சோம்பல்: "தினம் யார் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்குவது?" பிடுங்கு என்பது அமெரிக்கர்களுக்கான அறிவுரை, அங்கே சுவர் பிளக் பாயின்ட்டில் பெரும்பாலும் சுவிட்சே கிடையாது. நம் சுவிட்ச் போர்டில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சிக்கல், டிவி யூனிட் செய்கிற தச்சர் அந்த போர்டை மரப்பலகைக்குப் பின்னால் புதைத்துவிடுவதில். பலகை அடிக்கும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, டிவிக்கும் பாக்ஸுக்குமான சுவிட்சைக் கை எட்டும் உயரத்துக்குக் கொண்டுவரலாம். பலகை அடித்தாகிவிட்டதென்றால், சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வாங்கி வெளியே வையுங்கள். காலையில் செட்டாப் பாக்ஸ் கண்விழிக்க ஓரிரு நிமிடம் பிடிக்கும். அதற்குள் பால் பொங்கிவிடாது.