ஒரு தரப்பிற்கு மட்டுமா பொதுப்பணம்?

பேரிழப்பொன்று நேர்ந்தவுடன் அரசினர் விசாரணை நடத்த முன்வருவர். உண்மை வெளிவருமென மக்களும் நம்பியிருப்பர். ஆனால், குற்றஞ் சாட்டப்படும் அரச பகுதியினருக்காகச் சட்டத்தரணிகளும் நிபுணர்களும் பொதுமக்கள் பணத்தில் வந்து நிற்க, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் நகையை ஈடுவைத்துச் சட்டத்தரணியைத் தேட வேண்டுமாயின், அதனை நீதியென்று எங்ஙனம் அழைப்பது?

இங்கிலாந்தின் அனுபவம் இதற்குச் சான்று பகரும். 1989 ஏப்ரில் 15ஆம் நாள் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட அரங்கில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைக் குடித்தது. அன்று காயமுற்றவர்களுள் ஒருவர் 2021இலேயே மாண்டார். முதலாவது மரண விசாரணையில் பொலிசாரின் சட்டச் செலவு பொதுப்பணத்திற் கொடுக்கப்பட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களோ தம் கைப்பணத்தைத் திரட்டி ஒரேயொரு சட்டத்தரணியையே அமர்த்த முடிந்தது. அன்று பிற்பகல் 3.15 மணிக்குப் பின் நிகழ்ந்தவற்றை ஆராய மரண விசாரணை அதிகாரி மறுத்தார். 1991இல் 'விபத்து மரணம்' எனத் தீர்ப்பாயிற்று.

2012இல் சுயாதீனக் குழுவொன்று மருத்துவ ஆவணங்களை நிபுணரைக் கொண்டு ஆராய்ந்து, 41 பேர் பிழைத்திருக்கக்கூடுமெனக் காட்டிற்று. பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. குடும்பங்களின் சட்டச் செலவை அரசே ஏற்ற புதிய விசாரணையில், இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்மீது பழியில்லை என்றும் 2016இல் யூரிமார் முடிவுரைத்தனர். இதற்கு 27 ஆண்டுகள் சென்றன! அரச பகுதியினர் சம்பந்தப்படும் மரண விசாரணைகளில் குடும்பங்களுக்கு அரச சட்ட உதவி அளித்தல், 2025இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட சட்டமூலத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

செலவு பெருகுமென்பர் சிலர். கட்டணத்திற்கு வரம்பு விதிக்கலாம். ஒத்த நலனுடைய குடும்பங்களுக்குக் கூட்டாக ஒரு சட்டத்தரணியை அமர்த்தலாம். முதல் விசாரணையைச் செம்மையாக நடத்துவதிலும், அதனைக் கலைத்து மீண்டும் நடத்துவதற்கே செலவு அதிகம்.

நம் நாட்டின் விசாரணை ஆணைக்குழுச் சட்டமும் ஆங்கிலேய மரபைப் பின்பற்றி 1948இல் இயற்றப்பட்டதே. 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து ஊர்கள் அழிந்ததைக் கண்டவர்கள் நாம். அத்தகைய அழிவில் வயலையும் வீட்டையும் இழந்த கமக்காரன், அரச பொறியியலாளரின் சாட்சியத்தைத் தனியே நின்று மறுக்க வல்லவனா? அவனுக்காகப் பேசவும் ஒரு பொறியியலாளர் வேண்டாமா?

விசாரணை ஆரம்பமாகும் அன்றே, இழந்தோரின் சட்டத்தரணிக்கும் நிபுணருக்கும் உரிய பணம் ஒதுக்கப்படல் வேண்டும். இது பிச்சையன்று, வரி செலுத்தும் குடிமக்களின் உரிமை. தராசின் ஒரு தட்டில் மட்டும் திறைசேரி தன் பொன்னை வைப்பதை நாம் ஏற்கமாட்டோம்.