காம்பரா யாருடையது?

"மனசுக்குள்ள யாரைக் கும்பிட்டா யாருக்கு என்ன?" றொசல்லப் பக்கம் மதச் சுதந்திரம்னு பேச்செடுத்தா பெரியவங்க இப்படித்தான் முடிச்சு வைப்பாங்க. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மார்கரெட் ஃபெல் குடும்பத்தின் கடிதங்களைப் பற்றி வாசிக்கும் வரை.

ஃபெல் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், குவேக்கர். பாதிரியார், சடங்கு எதுவும் இல்லாமல் மௌனமாகக் கூடி வழிபடும் கிறிஸ்தவர்கள் அவர்கள். சிறையிலிருந்த நண்பர்களுக்கும் அரசனுக்கும் அவருடைய ஸ்வார்த்மூர் வீட்டிலிருந்து கடிதங்கள் போயின. 1664இல் அவரையே பிடித்தார்கள். வீட்டில் கூட்டம் வைக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். லங்காஸ்டர் சிறையில் நாலு வருஷம், சொத்தும் பறிபோனது. அவர் மனதை யாரும் கேட்கவில்லை. வீட்டைத்தான் கேட்டார்கள்.

நம்ம நாட்டிலும் அப்போது இதே கதைதான். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்தார்கள். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவ் வாஸ் அடிகளார், இரவில் வீடுகளில் பூசை வைத்தார். கோவாவிலிருந்த தன் சபைக்குக் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கு இடம் கொடுத்தது கண்டியின் பௌத்த மன்னன். (முதலில் உளவாளி என்று சிறையில் போட்டது வேறு கதை.)

இன்றைக்கு அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் நம்பவும் கூடி வழிபடவும் உரிமை தருகின்றன. ஆனால் புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி வீட்டு ஜெபங்களையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

லயத்தில் சுற்றறிக்கையே தேவையில்லை. காம்பரா தோட்டத்துடையது, நம்ம கையில் உறுதி இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேரோடு ஜெபம் வைத்தார். கோயில் கமிட்டி நிர்வாகத்திடம் போனது. "காம்பரா குடியிருக்க மட்டும்தான்" என்று ஒரே வார்த்தை, ஜெபம் நின்றது. கமிட்டியில் என் சித்தப்பாவும் இருந்தார்.

"மதம் மாத்துறாங்கடா" என்பது அவருடைய பயம். அதை நான் சிரித்துத் தள்ளவில்லை. நம்மிடம் மிச்சமிருப்பதே கோயிலும் கூத்தும்தான். ஆனால் அந்தக் கோயில் நிற்பதும் தோட்டத்துக் காணியில்தானே? "நாளைக்கு அதே துரை காமன் கூத்துக்கு இடம் இல்லேன்னா என்ன சித்தப்பா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற" என்றார்.

அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போகிறார்.