காதலுக்கு மொழி உண்டு

மௌனப் படங்களைப் பற்றிய உரையாடல்களில் தவறாமல் எழும் வாசகம், 'காதலுக்கு மொழி தேவையில்லை' என்பது. முதல் உலகப்போரைப் பின்புலமாகக் கொண்ட காதல் படங்களுக்கு அது இன்னும் எளிதாகப் பொருத்தப்படுகிறது. அப்படங்களைக் கூர்ந்து நோக்கினால் அவ்வாசகம் நிலைப்பதில்லை.

டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'ஹார்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட்' (1918), பிரிட்டிஷ் அரசின் ஊக்குவிப்பில் போர்க்காலத்திலேயே உருவான பரப்புரைப் படம். கதைக்களம் பிரெஞ்சுக் கிராமம். காதலர்களோ அங்கு வாழும் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். மொழிச் சிக்கல் எழுவதற்கே அங்கு இடமில்லை.

கிங் விடோரின் 'த பிக் பரேட்' (1925) அச்சிக்கலையே காதலின் களமாக்குகிறது. ஜான் கில்பர்ட் ஏற்ற அமெரிக்கச் சிப்பாய் ஜிம்முக்கும், ரெனே அடோரே ஏற்ற பிரெஞ்சுப் பெண் மெலிசாண்டுக்கும் பொதுமொழி இல்லை. சூயிங்கம் மெல்வது எப்படியென்று அவன் செய்துகாட்டுகிறான். அவளோ அதை விழுங்கிவிடுகிறாள். புகழ்பெற்ற இந்நகைச்சுவைக் காட்சியில் ஒரு மொழியியல் உண்மை இருக்கிறது. சைகை எல்லோருக்கும் தானாகவே விளங்குவதாயின் அவள் விழுங்கியிருக்க மாட்டாள். பொருள் முன்பே அங்கு இல்லை. காட்டுதல், தவறாகக் கொள்ளுதல், திருத்துதல் ஆகியவற்றின் வழியே இருவரும் அதை உண்டாக்குகிறார்கள். மொழியின்றிக் காதலிக்கிறார்கள் என்பதைவிட, தமக்கென ஒரு மொழியைச் சமைக்கிறார்கள் என்பதே பொருந்தும்.

போர்க்களத்திலும் இது தொடர்கிறது. குண்டுக்குழியில் சாகக் கிடக்கும் ஜெர்மன் வீரனைக் கொல்லச் செல்லும் ஜிம், கொல்ல இயலாமல் அவனுக்குச் சிகரெட் கொடுக்கிறான். காதலியிடம் பழகிய அதே சொல்லற்ற உறவாடல், பகைவன் முன்னும் அவன் கையை வழிநடத்துகிறது.

திரையில் குரல் ஒலிக்காததால் பார்வையாளரும் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருக்கிறார். எழுத்து அட்டைகள் சிறிது உதவுகின்றன. எஞ்சியதை முகமும் கையும் உடலும் கொண்டே அவர் படித்தாக வேண்டும். மௌனப் படத்தைப் பேச்சின் குறைபாடாக மட்டும் காண்பவர்கள் இழப்பது இந்த அனுபவத்தை.

'மொழி தேவையில்லை' என்பது அழகாக ஒலிக்கலாம். ஆயினும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இரு மனிதர்கள் செலுத்தும் உழைப்பை அது மறைத்துவிடுகிறது. போர் அழிப்பது உயிர்களோடு அந்த உழைப்பையும்தான்.