வெள்ளிக் கட்டும் வெள்ளித் தண்ணீரும்

சகோதரிகளே, போன மாதம் என் கை தவறி, கொதிக்கிற ரசம் மாமியாரின் காலில் கொட்டிவிட்டது. சர்க்கரை உடம்பு வேறு. கடையில் நானாகக் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டே நாள் கொடுத்தேன். "போதும்மா, வயிற்றைப் புரட்டுது" என்றார் அத்தை. நிறுத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

பத்தாம் நாள் புண்ணில் சீழ். டாக்டர் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வழக்கமான மருந்துகள் நாலைந்துக்கு அந்தக் கிருமி மசியவில்லை என்று சீட்டு வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. மருந்தை அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-லேயே எச்சரித்திருக்கிறாரே!

அந்தக் கிருமிக்குக் கேட்கிற ஊசியைப் போட்டு, புண்ணின் மேல் வெள்ளி சேர்ந்த கட்டும் போட்டார்கள். அதில் இருப்பது நானோ வெள்ளி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தத் துகள் நூறு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். முழு மிளகைவிடப் பொடித்த மிளகில் காரம் சீக்கிரம் இறங்குமில்லையா, அதுபோல ஈரம் பட்டதும் இதிலிருந்து வெள்ளி அயனிகள் வேகமாகக் கசிகின்றன. அவை கிருமியின் மேலுறையைக் கெடுத்து, உள்ளே போய்ப் புரதங்களையும் பாழாக்குகின்றன. பல இடத்தில் அடி விழுவதால் கிருமி தப்புவது கஷ்டம். முடியாததில்லை, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத் தீக்காய வார்டு ஒன்றில் வெள்ளிக்கும் அடங்காத கிருமி இருந்ததை 1975-லேயே எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் புண் சுத்தமானதும் வெள்ளிக் கட்டை நிறுத்திவிட்டார் டாக்டர்.

வெள்ளி வைத்தியம் புதிதல்ல. 1880-களில் ஜெர்மனியில் கிரெடே என்ற டாக்டர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு எத்தனையோ பேரின் பார்வையைக் காப்பாற்றினார்.

இதைக் கேட்ட எதிர்வீட்டு அக்கா, "அப்போ குடிக்கிற வெள்ளித் தண்ணீர் விற்கிறார்களே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்றாள். வேண்டவே வேண்டாம்! தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் படிந்து, உடம்பு நீலச் சாம்பலாகி, அப்படியே நின்றுவிடும். அதை மருந்தென்று விற்பதற்குப் பாதுகாப்போ பலனோ நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க அரசு 1999-ல் அறிவித்தது. வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டுவது வேறு விஷயம். ஆனால் வெள்ளிதானே என்று அதை வெந்நீரில் கழுவாமல் விடாதீர்கள்.

அத்தை இப்போது நடமாடுகிறார். நான் ரசம் இறக்கும்போது மட்டும் இரண்டடி தள்ளியே நிற்கிறார்!