மனை என்பது வெறும் நிலமா?

போடிநாயக்கனூரில் ஒரு பழைய வீடு இடிபடுவதை அண்மையில் நின்று பார்க்க நேர்ந்தது. ஓடுகள் ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருந்தன. தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் ஏற்றிச்செல்ல லாரி ஒன்று காத்திருந்தது. அவை காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும் என்றார்கள். காலையில் வந்த பொக்லைன் மாலைக்குள் மூன்று தலைமுறையைச் சமன் செய்துவிட்டது. அடுத்த வாரம் அவ்விடத்தில் ஒரு பலகை முளைத்திருந்தது: 'மனை விற்பனைக்கு'.

தமிழ் கற்பித்துப் பிழைப்பவனுக்கு இச்சொல் உறுத்தாமல் இருக்குமா? மனை என்பது நம் பழைய இலக்கியங்களில் வீட்டையும் அவ்வீட்டில் நிகழும் வாழ்வையும் குறித்தது. மனைவி, மனையறம் ஆகிய சொற்கள் அங்கிருந்து பிறந்தவை. இன்றோ வீடு நிற்கும்வரை அது மனை ஆவதில்லை. வீட்டைப் பெயர்த்தெறிந்த பிறகே மனை ஆகிறது. சொற்பொருள் மாறுவது இயல்புதான். ஆனால் நம் நகரமைப்பு விதிகளும் மனையை இந்தப் புதுப்பொருளில் மட்டுமே அறிந்திருக்கின்றன என்பதே என் குறை.

மரபைக் காப்பது தொல்லியல் துறையின் பணி, கட்டட அனுமதி நகராட்சியின் பணி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இப்பிரிவினை ஒரு மயக்கம். போடி போன்ற ஊர்களில் மரபு பற்றிய உண்மையான தீர்மானம் கட்டட அனுமதி தரும் மேசையில்தான் எடுக்கப்படுகிறது. அப்படியொரு தீர்மானம் எடுக்கப்படுகிறது என்பதையே எவரும் உணராமல் எடுக்கப்படுகிறது என்பதுதான் கொடுமை.

சட்டங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. தொன்மைச் சின்னங்களுக்கென 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. மரபுக் கட்டடங்களுக்காக ஓர் ஆணையம் வேண்டும் என்று 2012இல் சட்டம் இயற்றினோம். ஆனால் பத்தாண்டுக்கும் மேலாக அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்தோம். சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்க முற்பட்டபோது வழக்குத் தொடர ஆள் இருந்தது. 2010இல் உயர் நீதிமன்றம் அதைக் காத்தது. தலைநகரின் பெருங்கட்டடத்துக்குக் கிடைத்த வழக்குரைஞர் போடியின் ஓட்டு வீட்டுக்குக் கிடைப்பாரா?

மறுபக்கம் பாருங்கள். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். சிறுவீடு கட்டுவோரை அலைக்கழிக்காத நல்ல ஏற்பாடு அது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் முன்கூட்டிய கள ஆய்வையும் நீக்கிவிட்ட பிறகு, இவ்விடத்தில் இதற்குமுன் என்ன நின்றது என்று கேட்க யார் மிச்சம்? மரபுக் கட்டடத்தைக் காக்கும் விதி எதுவும் ஒரு பட்டியலைப் பற்றிக்கொண்டுதான் நிற்க முடியும். பட்டியலே இல்லாத ஊரில் விதி எதைப் பற்றும்?

போடியில் பட்டியலிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அரண்மனையைச் சொல்வார்கள். அதன் சுவர்களிலுள்ள இராமாயண ஓவியங்கள் கலைவரலாற்று அறிஞர்கள் அறிந்தவை. அவற்றுக்குப் பேச ஆளுண்டு. நான் பேசுவது மற்றவற்றை. முன்கட்டில் ஏலக்காய் மூட்டையும் சல்லடையும், பின்கட்டில் குடும்பமும் என்று அமைந்த வணிகர் வீடுகளைச் சொல்கிறேன். தெருவோடு ஒட்டிய திண்ணையையும், இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவரையும் சொல்கிறேன். நில உபயோக வரைபடம் குடியிருப்புக்கு ஒரு நிறமும் வணிகத்துக்கு ஒரு நிறமும் பூசுகிறது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்த வாழ்வுக்கு அதில் நிறமில்லை. மனையின் முன்புறம் இடம் விடச் சொல்லும் விதிக்குத் திண்ணை என்பது விதிமீறல்.

ஊருக்கு வெளியே மலைச்சரிவிலும் இதே கதைதான். 1900களின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. 1924 பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. இரயிலே ஏறாத சரிவில் ஸ்டேஷன் என்ற பெயர் எப்படி வந்தது என்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போடிக்கு இரயில் 1928இல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூனில் திரும்பி வந்தது. வந்த இரயிலை மனை விளம்பரங்கள் மறக்காமல் எழுதுகின்றன. அதற்கு முந்தைய வழித்தடத்தின் எச்சங்களைக் குறித்துவைக்க ஓர் ஊராட்சிப் பதிவேடு இல்லை.

'அப்படியானால் எல்லா வீட்டையும் பூட்டிவைக்கச் சொல்கிறீரா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்பவரிடம் அழகியல் பேசுவது அறமன்று. நான்கு பிள்ளைகளுக்குப் பிரிய வேண்டிய சொத்தை அருங்காட்சியகமாக்கு என்று எவரும் ஆணையிட முடியாது. வெறும் தடை என்ன செய்யும் என்பதற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. போடிமெட்டைத் தாண்டினால் போதும்.

அங்கே ஏலமலைக் காட்டு நிலம், திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே ஏலச் சாகுபடிக்கென்று வழங்கப்பட்டது. நிலம் வருவாய்த் துறையின் பொறுப்பு, மரம் வனத் துறையின் பொறுப்பு. இடுக்கி மாவட்டத்தில் பட்டா எந்தப் பயன்பாட்டுக்குத் தரப்பட்டதோ அதற்கு மாறாகக் கட்டக் கூடாது என்று 2019இல் கேரள அரசு இறுக்கியது. எதிர்ப்பு மூண்டது. 2023இல் விதிமீறிய கட்டடங்களை முறைப்படுத்தச் சட்டத்தையே திருத்தினார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஏலமலை நிலத்தில் புதிய பட்டா கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. இறுக்குவது, பின் கட்டணம் பெற்று மன்னிப்பது, பின் நீதிமன்றம் நிறுத்துவது. நம் பக்கமும் வேறில்லை: 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது; 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. விளைநிலத்தை மனையாக்கிய பிழைக்குக்கூட விலைப்பட்டியல் உண்டு. எங்கோ இருந்து விழும் ஆணைக்கு உள்ளூர் மன்றங்கள் வெறும் பார்வையாளர்களாக இருப்பதன் விளைவு இது.

ஆகவே நான் கேட்பது தடையை அன்று, கணக்கெடுப்பை. போடி நகராட்சிக்கு 33 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் காக்கத்தக்க கட்டடங்களை அவ்வார்டு மக்களே முன்மொழியட்டும். மன்றம் தீர்மானம் இயற்றிப் பட்டியலை வெளியிடட்டும். கொட்டகுடி ஊராட்சி தன் சரிவுகளில் எஞ்சியதைக் குறிக்கட்டும். பட்டியலில் உள்ளதை இடிக்க விரும்புவோர் 30 நாள் முன்னறிவிப்புத் தரட்டும். அதற்குள் அளந்து, படமெடுத்து, வேறு வழியுண்டா என்று உரிமையாளரோடு பேசலாம். முகப்பையும் திண்ணையையும் நிறுத்திவைத்துப் பின்கட்டைப் புதிதாகக் கட்டுவோருக்குச் சொத்துவரியில் சலுகை தரலாம். மும்பை 1995இலேயே மரபுக்கென விதி வகுத்து, உரிமையாளர் இழக்கும் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. அதன் எளிய வடிவத்தை நம் விதிகளில் சேர்ப்பது முடியாத காரியமன்று.

இவற்றில் எதற்கும் கோடிகள் தேவையில்லை. எங்கள் கல்லூரிகளிலிருந்து மாணவர்களை அனுப்ப நாங்கள் அணியமாக இருக்கிறோம். அளவு நாடாவும் குறிப்பேடும் எங்களுடையவை. மன்றத்திடம் கேட்பது ஒரு தீர்மானம் மட்டுமே.

அதுகூட முடியாதென்றால், இடிபட்ட வீடுகளுக்கு இனி யாரையும் குறை சொல்வதற்கில்லை. இடிப்பவருக்குக் குறைந்தபட்சம் ஒரு தேவை இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நமக்கு என்ன இருந்தது?