வேலை இல்லாவிட்டாலும் தவணை! கல்விக்கடனில் தவிக்கும் பட்டதாரிகள்

படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஓடிவிட்டால், வேலை இருக்கோ இல்லையோ, கல்விக்கடன் தவணை தொடங்கிவிடும். இதுதான் வங்கிகளின் விதி. ரூ.7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை என்றாலும், பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். பிள்ளை கட்டாவிட்டால் நோட்டீஸ் அவர்களுக்கும் வரும்.

என்ஜினீயரிங் மாணவர் ஒருவர் வருஷத்துக்கு ரூ.1 லட்சம் வீதம் 4 வருஷம், 10 சதவீத வட்டிக்கு கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மானியம் கிடைக்காவிட்டால், தவணை தொடங்கும்போது பாக்கி ரூ.5.4 லட்சம். 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் ரூ.7,100 கட்டணும். ரூ.15 ஆயிரம் சம்பளக்காரருக்கு கிட்டத்தட்ட பாதிச் சம்பளம் வங்கிக்கே சரி. ரூம் வாடகை, சாப்பாட்டுக்கு எங்கே போவது?

இங்கிலாந்தில் கதையே வேறு. 2023 ஆகஸ்டு முதல் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு, வருஷ வருமானம் 25 ஆயிரம் பவுண்டை தாண்டினால்தான் பிடித்தம் என்று விதி போட்டார்கள். அதுவும் தாண்டிய தொகையில் 9 சதவீதம்தான். வேலை போனால் பிடித்தமும் நிற்கும். ஆனால் கடன் 40 வருஷம் வரை துரத்தும்.

இங்கே அப்படி வருமான வரம்பே கிடையாது. தவணை தவறினால் சிபில் மதிப்பெண் சரியும். நாளைக்கு பைக் லோன் வாங்குவதும் சிரமம்.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் மேனேஜரை பார்த்து, தவணைக்காலத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பது நல்லது. 15 வருஷம் வரை விதியில் இடமுண்டு. மேலே சொன்ன தவணை சுமார் ரூ.5,800 ஆகக் குறையும். மொத்த வட்டி கூடும். வேலையில்லாத காலத்துக்கு அவகாசமும் கேட்கலாம். ஆனால் வங்கி மனசு வைக்கணும்.

சம்பளத்தைப் பார்த்து தவணை போடும் முறை வராதவரை, பட்டம் கையில், பாரம் தலையில்தான்.