அடிச்சுவடும் இலைச்சுவடும்

ஏட்டில் எழுதிய வரலாற்றைத் திரிக்கலாம். சேற்றிற் பதிந்து கல்லாகிய சுவட்டைத் திரித்தல் இயலுமோ? பிரேசிலிலும், கடல் கடந்து ஆப்பிரிக்கக் கமரூனிலும் 260க்கு மேற்பட்ட தொன்மாச் சுவடுகள் தம்முள் ஒத்திருத்தலை 2024இல் ஆய்வர் எடுத்துக்காட்டினர். அவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையன. இன்று இடைத்தொலைவு 3,700 கல். அன்றோ அவ்விலங்குகள் நடந்தே சென்ற ஒரே நிலம்!

புதுப்பட்டினக் கரைக்கும் இதிற் பங்குண்டு. செங்கழுநீர்ப்பட்டுக்கு வடக்கே திருப்பெரும்புதூர்ப் பாறைகளில் அவ்வூழிக்குரிய இலைச்சுவடுகள் உள. அவற்றையொத்த இலைகள் பனி மூடிய தென்முனைப் பெருநிலத்துப் பாறைகளிலும் கிடைத்துள்ளன. நம் கீழைக்கரை அந்நிலத்தோடு ஒட்டியிருந்து பிரிந்ததே.

இதனைக் குமரிக்கண்டத்திற்குச் சான்றாக்குவார் நம்முள்ளும் உளர். அது பிழை. அந்நாளில் மாந்தனே தோன்றவில்லை. தமிழ் எங்ஙனம் தோன்றும்? இலெமூர் விலங்கின் பரவலை விளக்க 1864இல் இசுகிளேட்டர் கருதிய இலெமூரியாவும், நிலப்பெயர்ச்சி தெளிவுற்றபின் வேண்டாததாயிற்று. பொருந்தாச் சான்று காட்டுவோமாயின், கடல்கோள் பற்றிய நம் பழநூற் செய்தியையும் மாற்றார் நகைப்பர். அதனை ஆய விழைவோர், மாமல்லபுரக் கடலடியில் 2002இல் கண்ட கற்கட்டுமானங்களிலிருந்து தொடங்கலாம்.